ஸ்போர்ட்ஸ் பேக் வேணுமா, வேண்டாமா? ஆச்சி வீட்டு ஐந்தொகை

காரைக்குடிக்கு வடக்கே கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் முப்பது வருஷமாகக் கேபிள் இழுக்கிறேன். மொட்டை மாடிக்கு மாடி வயர் தாண்டவிட்ட காலமும் பார்த்தேன், பாக்ஸ் வந்த காலமும் பார்த்தேன். இப்போது கலெக்ஷனுக்குப் போனால் பாதி வீட்டில் ஒரே கேள்வி: "இந்த ஸ்போர்ட்ஸ் பேக்கை எடுத்துட்டா எம்புட்டுக் குறையும்?" பதில் சொல்வது என் பிழைப்புக்கு நல்லதில்லை. ஆனால் வாசலுக்கு வாசல் நின்று சொல்லித் தொண்டை வறண்டு போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

போன மாசம் பள்ளத்தூரில் ஒரு ஆச்சி என்னை முகப்பில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பில்லை விரித்தார்.

"தம்பி, நாலு ஸ்போர்ட்ஸ் சேனல் போட்டிருக்க. இந்த வீட்ல யாரு பந்து விளையாடுறா?"

"பேக்கேஜ்ல சேர்ந்து வருது ஆச்சி."

"சரி, அது கெடக்கட்டும். அமெரிக்காவுல இருந்து பேரன் பேசினான். அங்க ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் டிவியாம், வருஷா வருஷம் ஆளை நிப்பாட்டுறானாம். பாக்காதவன்கிட்டயும் காசு வாங்கிக்கிட்டு அவனுக்கு என்ன நட்டம்?"

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அந்த டிவி இ.எஸ்.பி.என். 1979 செப்டம்பர் 7ஆம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற சின்ன ஊரில் தொடங்கியது. அங்கே கேபிள்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அந்தச் சேனலுக்குக் கட்ட வேண்டும். வீட்டில் யாரும் பார்க்காவிட்டாலும் கட்ட வேண்டும். ஆச்சிக்கு நான் ஒரே வார்த்தையில் சொன்னேன்: "புள்ளி வரி ஆச்சி."

வெளியூர்க்காரர்களுக்காக: நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. ஊர்க் கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், திருவிழாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும், புள்ளி புள்ளிதான். அதனால்தான் வந்து நிற்கிற நூறு பேருக்குத் தேர் ஓடுகிறது. கோயில் விஷயத்தில் யாரும் புள்ளியை வெட்டிக்கொள்ள மாட்டார்கள். கேபிளில் வெட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் நடந்தது அதுதான்.

2011 வாக்கில் இ.எஸ்.பி.என்.னுக்கு ஏறக்குறைய 10 கோடி வீடு. 2017ல் அது சுமார் 8 கோடி 80 லட்சம். வீட்டுக்கு மாசம் 7 டாலருக்கு மேல் என்று வைத்துப் பெருக்குங்கள். போன வீடுகளால் மட்டும் வருஷத்துக்கு 100 கோடி டாலர் துண்டு. செலவோ எழுதிக் கையெழுத்துப் போட்ட செலவு: திங்கட்கிழமை இரவு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு வருஷம் 190 கோடி டாலர், கூடைப்பந்துக்குச் சுமார் 140 கோடி. பல வருஷ ஒப்பந்தம், பாதியில் கைவிட முடியாது. தேரும் நிற்காது, மேளமும் நிற்காது. அப்போது எங்கே கை வைப்பார்கள்? சம்பளத்தில். 2015 அக்டோபரில் சுமார் 300 பேர். 2017ல் ஏப்ரலில் ஒரு 100, நவம்பரில் ஒரு 150. 2020 நவம்பரில் 300 பேரை அனுப்பி, காலியாக இருந்த 200 இடத்தையும் நிரப்பாமல் மூடினார்கள். 2023ல் திரையில் தெரிந்த முகங்களிலேயே இருபது பேர்.

ஆச்சி கேட்டது ஒன்றுதான்: "அப்ப மேட்ச் பாக்குற கூட்டம் குறையலையா?"

நல்ல கேள்வி. பேப்பரில் "சேனலுக்குக் கூட்டம் குறைந்தது" என்று வந்தால் முதலில் இதைப் பிரித்துக் கேளுங்கள்: போனது வீடா, பார்க்கிற கண்ணா? அந்தச் சேனல் அரசியல் பேசியதால்தான் ஜனம் ஓடியது என்று அங்கே ஒரு கட்சி வாதாடியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரர் மொத்தக் கேபிளையும் அறுத்தால் சமையல் சேனலுக்கும் அதே வீடுதான் போகிறது. சமையல் சேனல் என்ன அரசியல் பேசியது? அறுத்தவர்களில் நம்ம ஆச்சி மாதிரி, பந்து பக்கமே திரும்பாதவர்களும் உண்டு. கண்ணும் குறைந்தது உண்மைதான், ஆனால் அது வேறு இடத்தில். ராத்திரி உட்கார்ந்து அன்றைய கோலையும் கேட்சையும் தொகுத்துப் பார்க்கிற நிகழ்ச்சி ஒன்று அவர்களுக்குச் சோறு போட்டது. இப்போது அந்த கேட்ச் விழுந்த அடுத்த நிமிஷம் போனில் வந்துவிடுகிறது.

சரி, இனி உங்கள் பில்.

அதை முதலில் இரண்டாகக் கிழியுங்கள். ஒன்று நெட்வொர்க் கட்டணம், அதாவது லைனுக்கான காசு; மற்றது பே சேனல் காசு, அதாவது விலை வைத்த சேனல்களுக்கான காசு. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புது விதி வந்தபோது நெட்வொர்க்குக்கு உச்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. 2024ல் அந்த உச்சத்தை எடுத்துவிட்டார்கள், ஆகவே ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறும். இந்தப் பகுதியில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பேச வேண்டியதெல்லாம் இரண்டாவது பகுதியில்தான். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைப் பேக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அதனால் பெரிய ஸ்போர்ட்ஸ் சேனல் பலதும் அந்த 19ஐ ஒட்டியே நிற்கும். வரியோடு 22 ரூபாய் 42 காசு. ஹெச்.டி.யும் சாதாரணமும் தனித்தனி விலை. இரண்டும் உங்கள் பாக்ஸில் ஓடினால் ஒன்றைத் தூக்குங்கள். பழைய டிவியில் ஹெச்.டி. சேனலுக்குக் காசு கட்டுகிற வீடு என் லைனிலேயே இருக்கிறது.

இப்போது ஒரு ரகசியம். பேக் வேண்டாம், இந்த ஒரு சேனல் மட்டும் போதும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் நாங்கள் கொடுத்தாக வேண்டும். நாங்களாகச் சொல்ல மாட்டோம். நானும் சொன்னதில்லை. பேக் போட்டால் எங்களுக்கு ஒரு கிளிக், தனித்தனியாகப் போட்டால் கஸ்டமருக்குக் கஸ்டமர் பத்து நிமிஷம். ஆனால் தனித்தனியாக நாலைந்து பொறுக்கினால் சில சமயம் பேக்கே மலிவாக இருக்கும். இரண்டு கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எழுதும்போது மாசத்துக்குப் போடாதீர்கள், வருஷத்துக்குப் போடுங்கள். ஆச்சி செய்ததை அப்படியே சொல்கிறேன். மேசை டிராயரிலிருந்து நூல் கட்டின பென்சிலோடு ஒரு நோட்டை எடுத்தார். நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள், வலது பக்கம் அதற்கு எத்தனை மாசம். ஐ.பி.எல். மார்ச் கடைசியிலிருந்து மே முடிய, மகன் குடும்பம் லீவுக்கு வருவதால். இந்தியா ஆடுகிற ஒருநாள், டி20: பேரன் வந்தால் மட்டும். டெஸ்ட்: செட்டியார் இருந்தவரை, இப்போது யாரும் இல்லை. கபடி: வாட்ச்மேன். டென்னிஸ், கார் ரேஸ்: யாரும் இல்லை. நாலு சேனல், பன்னிரண்டு மாசம், வரியோடு ஆயிரத்துக்கு மேல் வந்தது. அதில் ஆள் உட்கார்ந்து பார்த்தது ஒரு சேனல், அதுவும் பாதி வருஷம். "இதுக்குப் பேரு ஐந்தொகையில வராக்கடன்" என்றார். ஐந்தொகை என்றால் வருஷக் கணக்கு முடிக்கிற பட்டியல். அந்தக் காலத்தில் பர்மாக் கணக்குப் பார்த்த வீடு, கேட்க வேண்டுமா?

அடுத்து போன். உங்கள் ரீசார்ஜோடு ஜியோ ஹாட்ஸ்டார் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதே மேட்சுக்கு இரண்டு இடத்தில் காசு கட்டுகிறீர்கள். 2023ல் ஜியோ சினிமா ஐ.பி.எல். மொத்தத்தையும் போனில் இலவசமாகக் காட்டியது. அந்த சீசனில் என் லைனில் கிரிக்கெட்டுக்காகவே பேக் போட்டிருந்த பையன்கள் வரிசையாக வந்து எடுத்துவிட்டுப் போனார்கள். 2025 பிப்ரவரியில் இரண்டு ஆப்பும் ஒன்றாகி, அடுத்த ஐ.பி.எல்.லுக்குள் இலவசம் முடிந்தது. போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. பழகிய கண் சின்னத் திரைக்குப் போய்விட்டது.

ஆனால் நம் பக்கத்து வீடுகளின் சங்கடம் ஒன்று உண்டு. இரண்டாம் கட்டுச் சுவர் இரண்டடி அகலம். வளவில், அதாவது நடு முற்றத்தில், நாலு கோடு சிக்னல், உள்ரூமுக்குப் போனால் சக்கரம் சுற்றும். போனை நம்பி கேபிளை எடுப்பதற்கு முன் மேட்ச் பார்க்கிற அதே அறையில், ராத்திரி எட்டு மணிக்கு, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் பற்றி நிறையப் பேருக்கு ஒரு குழப்பம். 2007ஆம் வருஷச் சட்டப்படி இந்திய அணி ஆடுகிற ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் பகிர வேண்டும். அதனால் ஃப்ரீ டிஷ்ஷில் டிடி ஸ்போர்ட்ஸில் மேட்ச் ஓடும். அதே டிடி ஸ்போர்ட்ஸ் என் கேபிளிலும் இருக்கும், அதில் ஓடாது. "டிடியிலயே வருதே, உன் டிவியில மட்டும் ஏன் மறைக்கிற?" என்று என்னைத் திட்டாதீர்கள். பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான் என்று 2017ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒரே தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் போதும், மாசக் காசு கிடையாது. ஆனால் ஐ.பி.எல். இந்தச் சட்டத்தில் வராது, காசு கட்டுகிற தமிழ் சீரியல் சேனல்களும் ஃப்ரீ டிஷ்ஷில் வராது. தோட்டத்து வீட்டுக்கு, கடைக்குச் சரி. சாயங்காலம் சீரியல் ஓடுகிற வீட்டில் மாற்றினால் குடும்பத்தில் சண்டை.

பூட்டிய வீட்டுக்காரர்கள் தனி. கானாடுகாத்தானில் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில் பாக்ஸ் வருஷம் பூரா ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் தம்பி நாலு பங்காளி, "மத்தவன் நிறுத்துவான்" என்று ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். ப்ரீபெய்டுதானே, வராத மாசம் ரீசார்ஜ் போடாதீர்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்பு போன் செய்தால் ஆக்டிவேட் செய்து, வயரையும் பார்த்து வைக்கிறோம். வயரைப் பார்ப்பதுதான் முக்கியம். 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதியாட்டம். டோனி இறங்குகிற நேரத்தில் பள்ளத்தூரில் ஒரு தெரு பூரா கட். டார்ச் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினால், மாடிக் கைப்பிடிச் சுவரோரம் அணில் கடித்து உள்கம்பி வரை பல் தெரிகிறது. ஒட்டிப் போட்டு இறங்கும்போது கீழே வெடி போடுகிறார்கள். அந்த சிக்ஸரை நான் இன்றுவரை ரிப்ளேயில்தான் பார்த்திருக்கிறேன். அப்போது அந்த மேட்ச் வந்த சேனல்களில் இ.எஸ்.பி.என்.னும் ஒன்று. 2013 நவம்பரில் அந்தப் பெயர் போய் எல்லாம் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆனது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் ரிமோட்டில் அந்தப் பெயரைத் தேடுகிறார்கள்.

விலை இறங்குமா என்று கேட்பவர்களுக்கு: இறங்காது. 2017ல் ஐந்து வருஷ ஐ.பி.எல். உரிமை 16,347 கோடிச் சொச்சம், டிவி, போன் எல்லாம் சேர்த்து. 2023 முதல் 2027 வரைக்கு 48,390 கோடி. ஒரு மேட்சுக்கு 118 கோடி. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் வந்ததில், ஓவருக்கு ஓவர் வந்துகொண்டிருந்த பெரிய விளம்பரக்காரர்களும் போனார்கள். அதே மாசம் அமெரிக்காவில் இ.எஸ்.பி.என். கேபிள் இல்லாமல் நேராகவே வீட்டுக்கு விற்க ஆரம்பித்தது. தன் சேனல் எல்லாம் சேர்த்து மாசம் 29.99 டாலர். ஊரே சேர்ந்து கட்டியபோது தலைக்கு எவ்வளவு, பார்க்கிறவன் மட்டும் கட்டும்போது எவ்வளவு என்று பாருங்கள். இங்கே அந்த அளவுக்கு வராது என்று நினைக்கிறேன், வாங்குகிற கை அப்படி. ஆனால் நீங்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு பேக்கை எடுத்தால், எடுக்காத வீட்டுக்கு ஏறத்தான் செய்யும்.

அனலாக் காலத்தில் சேனல்காரர்களுக்கு இந்தக் கவலையே வேறு மாதிரி இருந்தது. அறுநூறு கனெக்ஷன் வைத்துக்கொண்டு நூறு என்று கணக்குக் காட்டுவோம். புள்ளியை மறைத்தது நாங்கள். பாக்ஸ் வந்து ஒவ்வொரு வீட்டையும் எண்ணிவிட்டது; எண்ண ஆரம்பித்த கொஞ்ச வருஷத்தில் வீடுகளே குறைய ஆரம்பித்துவிட்டன. இப்போது என் கலெக்ஷன் நோட்டில் இருப்பது இருநூற்றுச் சொச்சம். லைன் பார்க்க மூன்று பையன்கள் இருந்தார்கள், இப்போது ஒருவன். மற்ற இருவரையும் நான்தான் நிறுத்தினேன். அமெரிக்காவைப் பற்றிப் பேச எனக்கு அதிகம் வாயில்லை.

ஆச்சி கடைசியில் மூன்று சேனலை அடித்தார். கபடி வருகிற சேனலை விட்டுவைத்தார். "ஆச்சி, அதை நீங்க பாக்க மாட்டீங்களே" என்றேன். "ராத்திரி அந்தச் சத்தம் கேட்டாத்தான் வாட்ச்மேன் முழிச்சிருக்கான்னு தெரியுது. 22 ரூபாயைக் காவல் செலவுல எழுதிக்க."

சேனல் மாற்றுவதாக இருந்தால் ரீசார்ஜ் முடிவதற்கு மூன்று நாள் முன்பே சொல்லுங்கள். நடுவில் மாற்றினால் பழைய பேக்குக்குக் கட்டியதைத் திருப்பி வாங்க நீங்களும் நானும் அலைய வேண்டும். மேட்ச் அன்றைக்கு மாற்றச் சொன்னால் காலையிலேயே சொல்லுங்கள். டாஸ் போட்ட பிறகு போன் செய்தால் எடுக்க மாட்டேன். அப்போது நான் ஏதாவது ஒரு மாடியில் இருப்பேன்.