பஸ்கா பற்றி நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் விடுதலையானதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகை பஸ்கா. பஸ்கா என்றதும் ஆட்டுக்குட்டியும் கதவு நிலையில் பூசிய இரத்தமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். விவிலியத்தில் படித்ததோடு நின்றுவிட்டால் அப்படித்தான். இன்று யூதர் வீடுகளில் ஆட்டைப் பலியிடுவதில்லை. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு அந்த வழக்கம் போய்விட்டது. அதன் அடையாளமாகப் பஸ்கா விருந்துத் தட்டில் ஒரு வறுத்த எலும்பு இருக்கும், அவ்வளவுதான். மேற்குக் கரையிலுள்ள கெரிசிம் மலையில் இன்றும் ஆடு வெட்டுகிறவர்கள் சமாரியர்கள் என்னும் தனிச் சமூகத்தார். அவர்கள் மரபு வேறு.

பலிபீடம் போய்ச் சாப்பாட்டு மேசை வந்தது. சேதர் என்னும் பஸ்கா இரவு விருந்தில், எகிப்து விடுதலைக் கதையைச் சொல்லும் ஹகாதா நூலை வாசிப்பார்கள். "இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று வீட்டுக் கடைக்குட்டி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர்கூடத் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தால்முத்.

இதை வெறும் பழங்கதை நினைவுநாள் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. எகிப்திலிருந்து தானே விடுதலையாகி வந்ததாக ஒவ்வொரு தலைமுறையும் எண்ண வேண்டும் என்கிறது ஹகாதா. அதனால்தான் 1969இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த அன்று, வாஷிங்டனில் ஒரு கறுப்பினத்தவர் தேவாலயத்தில் யூதர்களும் கறுப்பர்களும் சேர்ந்து சேதர் நடத்தினார்கள். இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்புகளில் மதப்பற்று இல்லாதவர்களும் தங்களுக்கென்று ஹகாதா எழுதிக்கொண்டார்கள். பக்திமான்களின் பண்டிகை மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் தப்பு.

எதிரி ஒழிந்த கொண்டாட்டம் என்றும் சொல்லாதீர்கள். எகிப்தின்மேல் கடவுள் அனுப்பியதாகச் சொல்லப்படும் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் திராட்சரசத்தை எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் பட்ட பாட்டுக்காக நம் மகிழ்ச்சி குறையட்டும் என்று இதற்குப் பலர் விளக்கம் சொல்வதுண்டு.

சில தேவாலயங்களில் 'இயேசு செய்த சேதர்' என்று இன்றைய ஹகாதாவை வைத்து நடத்துகிறார்கள். ஆனால் இன்றைய சேதர் பெரும்பாலும் ஆலயம் இடிந்த பிறகு, அதாவது இயேசுவுக்குப் பிறகு, உருவானது. மேலும், மட்சா என்னும் புளிக்காத அப்பத்தில் கிறிஸ்தவக் குழந்தைகளின் இரத்தம் கலப்பதாகப் பொய்ப் பழி சுமத்தி ஐரோப்பாவில் யூதர்களைத் தாக்கியது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். பல யூதர்களுக்கு இந்தத் தேவாலயச் சேதர் உறுத்துவதில் வியப்பில்லை.

சரி, சாப்பாடு. பஸ்கா நாட்களில் புளித்த தானியப் பண்டம் ஆகாது. 'புளிக்காததுதானே' என்று சப்பாத்தி கொண்டுபோகாதீர்கள். இந்த விலக்கு கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்களுக்கு. மட்சாவுக்கென்று காத்து வைத்த மாவைப் பிசைந்து, தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் சுட்டெடுக்க வேண்டும், தாமதித்தால் புளித்ததாகவே கணக்கு. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் இல்லை. ஆக, அந்தக் கணக்கில் பார்த்தால் புளித்த இட்லி தப்பிக்கும், சாதா சப்பாத்தி மாட்டிக்கொள்ளும்! அதற்காக இட்லி கட்டிக்கொண்டும் போக வேண்டாம். ஸ்பெயின் வழிவந்த செபார்டி யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்கள், மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் மரபுப்படி அரிசியையும் பருப்பையும் தொடமாட்டார்கள். பீர், விஸ்கி பார்லியில் செய்வது, யாருக்கும் ஆகாது.

யாராவது அழைத்தால் பூங்கொத்து போதும். அப்புறம், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வாசிப்பு முடிந்து சாப்பாடு வர ரொம்ப நேரமாகும்.