ரீசார்ஜ் செலவை வைத்து வீட்டு நிலைமையைக் கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வார்டு அளவில் குடும்பச் செலவுக் கணக்கு எடுப்பவர் போன், இன்டர்நெட், கேபிள், பேப்பர் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டிவிடலாம். தொகை ஏறியிருந்தால் வீடு தேறிவிட்டது, இறங்கியிருந்தால் கை முடை என்று முடிவு கட்டுவதும் எளிது. ஆனால் தப்பு கேள்வியிலேயே ஆரம்பித்துவிடும்.

"போன மாசம் ரீசார்ஜுக்கு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கவே கூடாது. ரீசார்ஜுக்கு ஏது மாசக் கணக்கு? 28 நாள் ப்ளான் வருஷத்துக்கு 13 தடவை வரும். 299 ரூபாய் ப்ளானை 28-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 325 ரூபாய். மூன்று சிம் உள்ள வீட்டில் 974. 84 நாள் ப்ளான்காரர் இன்னும் வம்பு. 30 நாளை மட்டும் கேட்டால் அவருடைய ரீசார்ஜ் கணக்கில் விழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான வாய்ப்புதான். மற்ற நேரமெல்லாம் பூஜ்யம். 2022-23 தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுபோல இரண்டரை லட்சத்துக்கு மேல் வீடு ஏறி இறங்கினால் இது சராசரியில் கரைந்துவிடும். 60 வீடு மட்டும் எடுக்கிறவருக்குக் கரையாது. எத்தனை ரூபாய், எத்தனை நாள், எத்தனை சிம் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பிராட்பேண்டில் விளம்பரத் தொகையை எழுதாமல் பில்லைப் பாருங்கள்: 299 என்று போட்டிருப்பது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 352.82 ஆகும். ப்ரீபெய்டு விலையில் வரி ஏற்கெனவே அடக்கம்.

அடுத்தது விலை. ஜியோவின் தினம் 1.5 ஜிபி, 28 நாள் ப்ளான் 2024 ஜூலையில் 239-லிருந்து 299 ஆனது. அதே வீடு, அதே மூன்று சிம், அதே டேட்டா. மாதச் செலவு மட்டும் 779-லிருந்து 974. இதை வளர்ச்சி என்று எழுதினால் விலை ஏறியதைத்தான் எழுதுகிறீர்கள். 2016-க்குப் பிறகு இதற்கு நேர்மாறாக நடந்தது. டேட்டா விலை சரிந்தது, பயன்பாடு பல மடங்கானது. அதனால் ரூபாயோடு ஜிபியையும் குறித்துக்கொள்ளுங்கள். விலைவாசிக் குறியீட்டை வைத்துச் சரிக்கட்டலாம் என்றால், 2012 அடிப்படை வரிசையில் போக்குவரத்தும் தகவல்தொடர்பும் ஒரே துணைப்பிரிவு. பெட்ரோல், பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். பழைய ப்ளான் விலைப் பட்டியலே மேல்.

மொத்தச் செலவில் ரீசார்ஜின் விகிதமும் ஏமாற்றும். 2022-23 ஆய்வில் கேரளக் கிராமப்புறத்தில் தலைக்கு மாதச் செலவு 5,924 ரூபாய், தமிழகத்தில் 5,310. அன்றைய 239 ரூபாய் ப்ளானின் மாதச் செலவு 260. எல்லைக்கு இந்தப் பக்கம் அது 4.4 சதவீதம், அந்தப் பக்கம் 4.9. பழக்கம் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. வேலை போன வீட்டிலும் ரீசார்ஜ் சீக்கிரத்தில் நிற்பதில்லை. அரிசி, மீன் செலவு குறையக் குறைய ரீசார்ஜின் பங்கு தானாக ஏறும். பங்கு ஏறுவதைச் செழிப்பாக வாசிப்பது எனக்குத் தெரிந்து மிக மோசமான பிழை.

எல்லையூருக்கென்றே சில பொறிகள் உண்டு. கேபிளில் தமிழ்த் தொகுப்பும் மலையாளத் தொகுப்பும் வாங்குகிற வீட்டுக்குக் கூடுதல் செலவு மொழியால் வருவது, வசதியால் அல்ல. பொள்ளாச்சியில் வாங்கிய சிம் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் எண்ணப்படும், வீடோ கேரளக் கணக்கில் வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தரும் வட்டவாரி இணைப்பு எண்ணிக்கையை ஊர்க் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது எதற்கும் உதவாது.

செல்போன் வாங்கிய பணத்தைச் சேவைச் செலவில் சேர்க்காதீர்கள். குடும்பச் செலவுகளைப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டின் (COICOP) 2018 பதிப்பில் கருவியும் சேவையும் ஒரே 8-ஆம் பிரிவுக்குள் இருந்தாலும் உட்பிரிவுகள் தனித்தனி. பேப்பரும் புத்தகமும் 9-இல். காய்கறிக் கமிஷன் மண்டிக்காரர் விலை கேட்கப் பேசும் போன் தொழில் செலவு, அதை விலக்குங்கள்.

பூஜ்யம் என்று பதில் வந்தால் உடனே எழுதிவிட வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய, கேரள அரசின் கே-ஃபோன் இன்டர்நெட் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு உண்டு. அங்கே செலவு பூஜ்யம், பயன்பாடு பூஜ்யமல்ல. கோவையிலோ வளைகுடாவிலோ இருக்கும் மகன் ஆப்பிலேயே போட்டுவிடுகிற வீட்டிலும் அம்மா "ஒண்ணும் ஆகலீங்க" என்றுதான் சொல்வார். படிவத்தில் "கட்டுவது யார்?" என்று ஒரு கட்டம் வையுங்கள். பயன்படுத்தும் வீட்டில் எழுதினால், கட்டும் வீட்டில் அதே தொகையை மறுபடி எழுதக் கூடாது.