வீட்டுத் தோட்டம்: ஆசையில் செய்யும் தவறுகள்

புறவாசலில் பறித்த வெண்டைக்காயை வாடுமுன் புளிக்குழம்பில் போடுவது தனி சந்தோஷம். காய் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள்கூட, தாங்களே தண்ணீர் ஊற்றிய செடியில் காய்த்தது என்றால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்கள். இருந்தும் நிறைய வீடுகளில் மூன்றே மாதத்தில் தொட்டிகள் காலியாகக் கிடக்கின்றன. காரணம் சோம்பல் இல்லை, அவசர ஆசைதான்.

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் முதலில் கவனிக்க வேண்டியது பட்டம், அதாவது விதைக்கும் பருவம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது சரிதான். ஆனால் இங்கே ஆடி என்றால் சாரலும் மேல்காற்றும். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று, வீடியோவில் சென்னைக்காரர் மாடியில் நட்டதைப் பார்த்து நாமும் நட்ட தக்காளி நாற்றை ஒரே இரவில் சாய்த்துவிடும். வீட்டுக்குக் கிழக்கே, சுவர் மறைவில் நாற்று விடுங்கள். பாகலுக்கும் புடலைக்கும் பந்தல் போடுவதாக இருந்தால் ஆனி பிறக்குமுன்பே கால் ஊன்றிக் கட்டிவிட வேண்டும். கொடி ஏறிய பிறகு கட்டப்போனால் தண்டுதான் முறியும்.

கிழங்குக்கும் இதே கதைதான். கும்பத்தில் நட்ட சேனை குடமளவு, மீனத்தில் நட்டது மீன்கண் அளவு என்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் சொல்வார்கள். நம் கணக்கில் மாசியும் பங்குனியும். பொங்கலுக்குச் சிறுகிழங்கு வேண்டுமென்றால் ஆனி, ஆடியிலேயே கொடித்துண்டுகளை நட்டிருக்க வேண்டும். கார்த்திகையில் நினைத்துக்கொண்டு புண்ணியமில்லை.

அடுத்தது, விதைப் பொட்டலத்தை ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பது. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்தாறு கத்தரிச் செடி தாராளம். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் பத்து நாளைக்கு ஒரு சிறு பாத்தி என்று தூவினால் வாரா வாரம் கீரை கிடைக்கும். மொத்தமாகத் தூவினால் ஒரு வாரம் கீரைத் திருவிழா, அப்புறம் கடைக்குத்தான் போக வேண்டும்.

சாணம் இருக்கிறதே என்று பச்சையாக அள்ளிப் போடுவது இன்னொன்று. மக்காத சாணம் சூடு ஏறி வேரைக் கெடுக்கும். அதிலேயே காண்டாமிருக வண்டு முட்டையிடும். கிளறினால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். அந்தப் புழு வளர்ந்தால் வண்டாகித் தென்னைக் குருத்தைக் குடையும். நன்றாக மக்கி, வாடையில்லாமல், கையில் பொலபொலவென்று உதிர்ந்தால்தான் அது எரு.

தண்ணீரும் அப்படித்தான். சாரல் நாளில் மேல்மண் ஈரமாக இருக்கும்போதே வழக்கத்துக்கு ஒரு வாளி ஊற்றுகிறவர்கள் உண்டு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே காய்ந்திருந்தால் ஊற்றினால் போதும்.

புடலை, பீர்க்கு, பாகல் பூத்து உதிர்ந்தால் உடனே உரக்கடைக்கு ஓட வேண்டாம். முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூ. அது உதிரத்தான் செய்யும். பூவுக்கு அடியில் பிஞ்சு போலத் தெரிந்தால் அது பெண்பூ. தேனீ நடமாட்டம் இல்லையென்றால் ஆண்பூவைப் பறித்து அதன்மேல் மெல்லத் தடவிவிடலாம். பீர்க்கு சாயங்காலம்தான் பூக்கும், அந்த நேரத்தில் பாருங்கள்.

இளந்தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு, லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி போதும். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தனியே மிதக்கும், மொட்டை வெயிலில் தெளித்தால் இலை கருகும். சாரல் விட்ட சாயங்காலமாகப் பார்த்துத் தெளியுங்கள்.

கடைசியாக, 'இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்' என்று காயை விட்டுவைப்பது. வெண்டை விதைத்து ஐம்பது நாள் வாக்கில் காய்ப்புக்கு வந்துவிடும். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். முற்றிய காய் தங்கினால் செடி விதையை வளர்ப்பதில் இறங்கிவிடும், புதுப்பிஞ்சு குறையும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிற காயைச் சமையலுக்கு எடுங்கள். நார் இழுத்தால் அதை விதைக்கு விட்டுவிடலாம்.