பக்காரா மேசையில் செய்யக்கூடாத தவறுகள்

உள்ளே வெளியே ஆடிப் பார்த்தவர்களுக்குக் காசினோ சீட்டாட்டமான பக்காரா அவ்வளவு புதிதாகத் தெரியாது. இரண்டு பக்கம் உண்டு, ஏதாவது ஒன்றில் காசு வைக்கிறோம், மீதியைச் சீட்டு பார்த்துக்கொள்ளும். மக்காவ் காசினோக்களின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஓர் ஆட்டத்திலிருந்துதான் வருகிறது. சிங்கப்பூரில் மெரினா பே சாண்ட்ஸ், செந்தோசா இரண்டிலும் இதற்குத் தனி மவுசு. சீட்டு விழுந்த பிறகு நாம் முடிவு செய்ய எதுவும் கிடையாது. ஆகவே தவறுக்கு இடம் மூன்றே விஷயங்களில்தான்: எதில் கட்டுகிறோம், எவ்வளவு கட்டுகிறோம், எப்போது எழுந்து போகிறோம்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பிளேயர் என்றால் நாம், பேங்கர் என்றால் காசினோ என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் மேசையில் உள்ள இரு பக்கங்களின் பெயர், அவ்வளவுதான். ‘அவன் பக்கம் நான் ஏன் கட்டணும்’ என்று ரோஷப்பட வேண்டியதில்லை. எண்ணிக்கையிலும் பிளாக்ஜாக் என்ற இன்னொரு காசினோ சீட்டாட்டத்தின் பழக்கம் தடுமாற வைக்கும். இங்கே ஆஸ் ஒன்று. பத்து, ஜாக்கி, ராணி, ராஜா நான்குக்கும் மதிப்பு சுழி. கூட்டி வருவதில் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு. 7ம் 8ம் சேர்ந்தால் 15 இல்லை, 5. ஒன்பதுக்குக் கிட்டே இருக்கும் பக்கம் ஜெயிக்கும். மூன்றாவது சீட்டு யாருக்கு எப்போது என்ற நீண்ட விதியை நெட்டுருப் போட வேண்டாம், அது டீலர் வேலை.

அந்த விதியில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பிளேயர் பக்கத்து மூன்றாவது சீட்டைப் பார்த்த பிறகுதான் பேங்கர் பக்கத்துக்கு அடுத்த சீட்டு வேண்டுமா என்று முடிவாகிறது. பேங்கருக்குக் கிடைக்கும் சின்ன அனுகூலம் இதிலிருந்து வருவதுதான். எட்டுக் கட்டுச் சீட்டில் ஆடும்போது நூற்றுக்கு 45.86 முறை பேங்கர், 44.62 முறை பிளேயர், 9.52 முறை டை, அதாவது இரு பக்கமும் ஒரே எண். பேங்கர் அதிகம் ஜெயிப்பதால்தான் அந்த வெற்றியில் 5 சதவீதம் கமிஷன் பிடிக்கிறார்கள். கமிஷன் போகிறதே என்று பிளேயருக்கு ஓடுவதும் தவறுதான். கமிஷன் போன பிறகும் பேங்கரில் காசினோவின் பங்கு, அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக அதற்குப் போவது, 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்த மேசையில் சாதாரணமாகப் பேங்கர் 6 எண்ணில் ஜெயித்தால் பாதிப் பணம்தான் தருவார்கள். கணக்குப் போட்டால் பங்கு 1.46 ஆகிவிடும். இலவசம் என்றதும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

ஆனால் இந்தச் சில்லறை வித்தியாசத்தையெல்லாம் விழுங்கிவிடும் கட்டு டை. ஒன்றுக்கு எட்டு என்றதும் கை தானாகப் போகும். பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் ஆயிரம் ஆட்டம் டையிலேயே கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 95 முறை விழும், 7,600 வெள்ளி வரும். மீதி 905 ஆட்டத்தில் 9,050 போய்விடும். நஷ்டம் 1,450. அதே பணத்தைப் பேங்கரில் வைத்திருந்தால் சராசரி நஷ்டம் சுமார் 106 வெள்ளி. ஒரு பக்கத்தின் முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக விழும் என்று கட்டுவதும் இந்த ரகம்தான், காசினோவின் பங்கு பத்து சதவீதத்துக்கு மேல்.

அப்புறம் இந்தக் கோலம் போடும் வியாதி. மேசைக்கு மேலே திரையில் சிவப்பு வட்டம், நீல வட்டம் வரிசையாக ஓடும். பெரிய பாதை, சின்னப் பாதை, கரப்பான் பூச்சிப் பாதை என்று அவற்றுக்குப் பெயர் வேறு. அட்டையும் பென்சிலும் காசினோவே கொடுக்கிறது. அதைப் பார்த்து ஜெயிக்க முடியும் என்றால் கொடுப்பார்களா? ஐந்து முறை பேங்கர் வந்தது ஆறாவது ஆட்டத்துக்குத் தெரியாது. போன சீட்டுகளால் மீதிச் சீட்டுக்கட்டு மாறத்தானே செய்கிறது என்று கேட்கலாம். பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணி ஜெயிக்கலாம் என்று 1962இல் புத்தகம் எழுதிய கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப் பக்காராவையும் ஆராய்ந்தார். பேங்கர், பிளேயர் கட்டுகளில் எண்ணுவதால் சொல்லும்படி லாபம் இல்லை என்றுதான் கண்டார்.

தோற்கத் தோற்க இரட்டிப்பாக்குவது அடுத்த பொறி. 25 வெள்ளியில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் 3,175 வெள்ளி போயிருக்கும். எட்டாவது கட்டு 3,200. அதைக் கட்டி ஜெயித்தாலும் கைக்கு வரும் லாபம் வெறும் 25தான், பேங்கரில் என்றால் கமிஷன் வேறு கழியும். அதற்கு முன்பே மேசையின் உச்சவரம்பு குறுக்கே நின்றாலும் நிற்கும்.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். ‘கட்டின காசையாவது எடுத்துட்டுப் போகலாம்’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். பேங்கரில் 14,000 வெள்ளிக்கு மேல் சுழற்றினால் சராசரியாக எவ்வளவு இழப்போமோ, அந்தத் தொகையை வாசலிலேயே கொடுத்தாயிற்று. அது சினிமா டிக்கெட் மாதிரி, திரும்ப வராது. எவ்வளவு போனால் எழுந்துவிடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் எடுத்துப் போங்கள், கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

ஊரிலிருந்தே செல்பேசியில் ஆடலாமே என்ற யோசனை வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2025இல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுவிட்டது. உரிமம் இல்லாத தளத்தில் ஆடுவது சிங்கப்பூரிலும் குற்றம். அந்தத் தளங்கள் பணத்தைத் தராமல் இழுத்தடித்தால் புகாரை எடுத்துக்கொண்டு எங்கே போவது?