பள்ளியில் பிள்ளையைச் சீண்டுகிறார்களா? மனுவை இப்படி எழுதுங்கள்

என் மகன் ஏழாம் வகுப்பு படித்தபோது, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பான். வெயில் என்று நினைத்துவிட்டேன். பள்ளியில் தண்ணீர்க் குழாய் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் வழிமறித்து நிற்பார்கள். அவர்களுக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்கும் போகாமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். இது எனக்குத் தெரியவே மூன்று வாரம் ஆனது.

மறுநாள் காலை பிரேயர் நேரத்தில் போய்க் கத்தினேன். ஒரு பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்று சாயங்காலமே என் மகனின் புத்தகப்பை வாய்க்காலில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அம்பாசமுத்திரம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினரானேன். என்னைத் தேடி வரும் அம்மாக்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் ராத்திரி பள்ளிக்கு ஓடாதீர்கள். பிள்ளையிடம் "யாருல அடிச்சது?" என்று கேட்டால் வாயைத் திறக்காது, பேரைச் சொன்னால் இன்னும் அடி விழும் என்று அதற்குத் தெரியும். "நீ என்ன பண்ணுன?" என்று மட்டும் கேட்கவே கூடாது. இடத்தைக் கேளுங்கள். "ஸ்கூல்ல எந்தப் பக்கம் போகப் பிடிக்கல?" பேரைச் சொல்லாத பிள்ளை இடத்தைச் சொல்லிவிடும். என் மகன் ஒரு தாளில் பள்ளியை வரைந்து, குழாயடியில் பேனாவால் அழுத்திக் கிறுக்கிக் காட்டினான்.

சொன்னதை அந்த ராத்திரியே ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவர்கள், நடந்தது. கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும், "தகாத வார்த்தை" என்று மழுப்ப வேண்டாம். காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். போட்டோ எடுக்கலாம், ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். இப்படிப்பட்ட விஷயத்தில் மாட்டிய பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம். அடித்த பிள்ளைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

இனி சட்டம். கல்லூரி ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தது, 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதிமுறை கொண்டுவந்தது. பள்ளியில் பிள்ளைகள் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்று நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் கிடையாது. ஒட்டுத்துணி சேர்த்துத் தைப்பதுபோல, இருப்பதை வைத்துத்தான் மனுவைத் தைக்க வேண்டும். பெரிய துண்டு 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை உண்டு. தமிழ்நாட்டில் 2007-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியைத் தடுத்தார்கள். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று சேர்க்கும்போது நாமே சொல்லியிருப்போம். நானும் சொன்னவள்தான். அதை ஆசிரியரிடம் நேரில் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் அடிக்கும் பள்ளியில், பெரிய பையன்கள் சின்னவர்களை அடிப்பதைத் தடுக்கவே முடியாது.

மனு ஒரு பக்கம் போதும். தலைமையாசிரியர் பெயருக்கு எழுதி, மேலாண்மைக் குழுத் தலைவருக்கு ஒரு நகல் கொடுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் கூச்சம் வேண்டாம். நான் எழுதியதன் நடுப்பகுதி இது:

"என் மகன் ஏழாம் வகுப்பு மாணவன். இடைவேளையில் குழாயடிக்கும் கழிப்பறைக்கும் போகவிடாமல் மேல்வகுப்பு மாணவர்கள் மறித்து அடிக்கிறார்கள். நாளை முதல் இடைவேளையில் அங்கே ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். ஏழாம் வகுப்புக்கு இடைவேளையை ஐந்து நிமிடம் முன்னதாக விட வேண்டும். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

நாளை காலையிலிருந்து என்ன மாற வேண்டும் என்று கேட்டிருப்பதைப் பாருங்கள். "கடும் நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் நாலு அடி அடித்து அனுப்புவார்கள், அதன் பலன் உங்கள் பிள்ளை முதுகில் விழும். "டி.சி. கொடுத்து அனுப்புங்க" என்றும் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அதற்கு மேலே படிக்கும் பையனை நீக்கினாலும் அவன் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். அந்த நாலு பேரில் ஒருவன் ராத்திரி பத்து மணிவரை பரோட்டாக் கடையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன் என்று பின்னால் தெரிந்தது. அவனிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. அதையும் மனுவில் கேட்கலாம்.

நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் 14417, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அடுத்தது முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம். ஒவ்வோர் இடத்திலும் மனு எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களின் சின்னக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடாமல் நாட்குறிப்பில்தான் பதிவார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், மனு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்துக்கு இந்த வரிசை பொருந்தாது.

பாலியல் சீண்டல் என்றால் பள்ளி விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேரே போலீஸ், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு போக்சோ சட்டத்தில் ஓராண்டுவரை சிறை உண்டு. யார் வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாலும் சமரசம் பேசாதீர்கள்.

இன்னொன்று சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த பையன்களே வீடு புகுந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். எங்கள் மாவட்டம் அது. அந்த வாரம் என் கடையில் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த அம்மாக்கள் எல்லோர் கையும் நடுங்கியது. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறும் நெற்றிக்குறியும் கூடாது, அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டியிருந்தால் மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். "பசங்க சண்டைதானே" என்று மாற்றி எழுதச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதை அந்த வரியை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

மனு கொடுத்த பதினைந்தாம் நாள் அதே கேள்வியைப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள், எந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை என்று. எங்கள் விஷயத்தில் இரண்டாவது வாரமே ஆசிரியர் குழாயடியில் நிற்க ஆரம்பித்தார், செம்புத் தண்ணீர் அரையாகக் குறைந்தது. ஆனால் அடுத்த வருஷம் தலைமையாசிரியர் மாறிப் போனதும் அது நின்றுவிட்டது. வாய்வார்த்தையாக இருந்ததுதான் காரணம். குழுவுக்கு வந்ததும் நான் முதலில் கேட்டது இதைத்தான். "இடைவேளையில் குழாயடியில் ஆசிரியர் ஒருவர் சுழற்சி முறையில் நிற்பார்" என்று தீர்மானப் பதிவேட்டில் ஏற்றி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். புதிதாக வரும் ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் முதல் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எடுத்து வாசிக்கிறோம்.