கிசான் பணம் ஏன் நிற்கிறது? நாம் செய்யும் தவறுகள்

ஒரு மூட்டை டி.ஏ.பி. உரம் 1,350 ரூபாய். அதோடு யூரியா வாங்க வேண்டும், களையெடுக்கக் கூலி தர வேண்டும். அந்த நேரத்தில், நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணையாக 2,000 ரூபாய் வந்தால் கைமாற்று வாங்காமல் சமாளித்துவிடலாம். ஆண்டுக்கு மூன்று தவணை, மொத்தம் 6,000 ரூபாய். இது திடீரென்று நின்றால், ‘கவர்மெண்டு நிறுத்திவிட்டது’ என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். நில விவரம், இ-கேஒய்சி (ஆதாரை வைத்து ஆள் நீங்கள்தான் என்று உறுதி செய்வது), வங்கியில் ஆதார் இணைப்பு ஆகிய மூன்றில் எது சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வங்கியில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆதார் நகலைக் கொடுத்துவிட்டதால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் பணம் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மானியம் பெறுவதற்காகக் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ, அதில்தான் விழும். வேறு தேவைக்காக இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தால் அந்தப் பாஸ்புக்கையும் வரவு போட்டுப் பாருங்கள். எங்குமே இணையவில்லை என்றால், “மானியம் வருகிற மாதிரி ஆதாரை இணைத்துக் கொடுங்கள்” என்று வங்கியில் தெளிவாகக் கேளுங்கள்.

நில விஷயம் இதைவிடச் சிக்கல். நம் ஊர்களில் அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து வரப்பு போட்டுப் பயிர் வைத்துவிடுவார்கள்; பட்டா மட்டும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். முப்பது வருடம் உழுதிருந்தாலும் இந்தத் திட்டம் பட்டாவில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு ஒன்றும் இல்லை என்பதும் இதனால்தான். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்குக் கிடைக்காது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலம் என்றால் கிடைக்கும். ஆகவே அப்பா இறந்துவிட்டால் வாரிசு சான்றிதழ் வாங்கிப் பட்டா மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் கணக்கில் தொடர்ந்து பணம் வருகிறதே என்று பேசாமல் இருப்பதும் தப்பு. அது திரும்பக் கேட்கப்படும் பணம்.

இ-கேஒய்சி சின்ன வேலைதான். மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்தவர்களுக்குத்தான் அது பெரிய அலைச்சல். அவர்கள் திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம்.

அப்புறம், தகுதி. கணவன், மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். இருவர் பெயரிலும் நிலம் இருந்தாலும் ஒருவர்தான் வாங்கலாம். வருமான வரி கட்டுபவர்களும், மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர்களும் (கடைநிலை ஊழியர்களாக இருந்தவர்கள் தவிர) சேர முடியாது.

இடைத்தரகரை நம்பி ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் நிலமே இல்லாத ஏராளமானவர்களை இப்படித்தான் பட்டியலில் சேர்த்தார்கள். சிபிசிஐடி விசாரணை வந்தது, கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்ட ஏழைகள்தான் பயந்து நின்றார்கள். இப்போது அதே வேலை வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ‘கிசான் செயலி’ என்று யாராவது கோப்பு அனுப்பினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் பட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.