செக்கிலும் புரோநோட்டிலும் தொகை எழுதும்போது செய்யக் கூடாதவை

செக் எழுதும் பலர் எண்ணில் காட்டும் கவனத்தை எழுத்தில் காட்டுவதில்லை. கட்டத்துக்குள் 15,000 என்று அழகாகப் போட்டிருப்பார்கள். எழுத்தில் ‘ஐயாயிரம்’ என்று இருக்கும். செக்குக்கும் புரோநோட்டுக்கும் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) பொருந்தும் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆவது பிரிவில், இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. வங்கி பொதுவாக அவ்வளவு தூரம் யோசிக்காது, செக்கைத் திருப்பிவிடும். வழக்கு என்று வந்தால்தான் அந்தப் பிரிவு பேசும்.

இடைவெளி விடுவது இதைவிட ஆபத்து. ‘ரூ.’ போட்டு, ஒரு விரல் தள்ளி 5,000 எழுதினால் முன்னால் ஒரு 1 உட்கார்ந்துகொள்ளும். எழுத்திலும் அப்படித்தான்: ‘ஐயாயிரம்’ என்பதற்கு முன்னால் இடம் இருந்தால் ‘ஒரு லட்சத்து’ என்று சேர்த்துவிடலாம். அதனால் வரியின் இடது ஓரத்திலேயே தொடங்குங்கள். ‘மட்டும்’ என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள். எண்ணுக்குப் பின்னால் /- போடுவதும் இதற்காகத்தான், அலங்காரத்துக்கு இல்லை.

தப்பாகிவிட்டதா? அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் காலம் போய்விட்டது. செக்கின் படத்தை அனுப்பிப் பணம் பெறும் சி.டி.எஸ். முறையில், தொகையிலும் பெறுபவர் பெயரிலும் திருத்தம் இருக்கக் கூடாது. வேறு செக் எடுங்கள். தமிழிலேயே எழுதலாம், அதற்குத் தடை இல்லை.

அப்புறம் புள்ளி. வீட்டு அட்வான்ஸ் ஒப்பந்தத்தில் ‘1.05 லட்சம்’ என்று எழுதுவார்கள். அவசரத்தில் படிப்பவருக்கு அது ஒன்றரை லட்சம். வித்தியாசம் 45,000 ரூபாய். பேச்சில் எப்படியும் சொல்லுங்கள், தாளில் 1,05,000 என்று முழுசாக எழுதுங்கள். கமாவும் ஒரே முறையில் இருக்கட்டும். ஒரு வரியில் 1,50,000, அடுத்த வரியில் 150,000 என்றிருந்தால் கணக்குப் பார்ப்பவர் ஒவ்வொரு சுழியாக எண்ண வேண்டிவரும்.

தொகையே எழுதாமல் கையெழுத்துப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வட்டிக்கு வாங்கும் இடத்தில் ‘நம்பிக்கைதானே’ என்று வெற்றுப் புரோநோட்டை நீட்டுவார்கள். ஸ்டாம்ப் ஒட்டிய அந்தத் தாளில் கையெழுத்திட்டால், அந்த ஸ்டாம்ப் தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள நீங்களே அதிகாரம் கொடுத்ததாக அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். அவசரம் எவ்வளவு இருந்தாலும் தொகையை உங்கள் கையாலேயே எண்ணிலும் எழுத்திலும் எழுதி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.